தார் ரோட்டில் ஊற்றிய தண்ணீர்

என் வயதுப் பெண்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு தைப்பூசத்தை டிவியில் பார்க்கிறவர்களுக்கு. சின்னவர்கள் படித்தால் படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் மெதுவாகத்தான் சொல்வேன். யாரும் அவசரப்படுத்தி நான் எதையும் செய்ததில்லை. சமையலும் அப்படித்தான், பேச்சும் அப்படித்தான்.

கொஞ்ச நாளைக்கு முன்னால் எங்கள் கெலுகோர் பிளாட்டில் லிப்டுக்கு நின்றுகொண்டிருந்தேன். மேல் மாடியில் இருக்கிற டீச்சரம்மா பக்கத்தில் வந்து நின்றாள். நல்ல பிள்ளைதான். படித்தவள்.

"ஆன்ட்டி, உங்க அப்பா சாமி கும்பிடாதவருன்னு சொன்னாங்க. நெசமா?"

"நெசந்தான்."

"அப்ப வீட்டுல நல்லது கெட்டதெல்லாம் எப்படிச் சொல்லிக் குடுத்தாரு? பிள்ளைங்களுக்கு ஒரு பயம் வேணும் லா?"

"லிப்ட் வந்திருச்சு, ஏறு" என்றேன்.

என் அப்பா சாமி கும்பிட மாட்டார். இதை நான் மறைத்ததும் இல்லை, தம்பட்டம் அடித்ததும் இல்லை. முனிசிபலில் ரோடு போடுகிற வேலை. டத்தோ கிராமாட் பக்கம் லயத்தில் இருந்தோம். லயம் என்றால் உங்களுக்குத் தெரியும்: ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடு, நடுவில் பலகைத் தடுப்பு, கடைசியில் எல்லாருக்கும் ஒரு குழாய். பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் எங்கள் சோற்றிலும் வாசம் வரும். அப்பா வேலை முடிந்து வந்தால் தார் வாசமும் மண்ணெண்ணெய் வாசமும் சேர்ந்து வரும். கையில் ஒட்டின தாரை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தேய்த்துத் தேய்த்து எடுப்பார். நகத்துக்குள் போனது போகாது. அந்தக் கையால் சோறு பிசைந்து எனக்கு ஊட்டியிருக்கிறார். மண்ணெண்ணெய்ச் சோறு என்று அம்மா திட்டுவாள். நான் சாப்பிட்டுவிடுவேன்.

சாயங்காலம் குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சூலியா தெருவுக்குப் போவார். அங்கே ஒரு கடைக்கு மேலே படிப்பகம். கீழே மரைக்காயர் காப்பிக்கொட்டை வறுப்பார், மேலே அப்பாவும் கூட்டாளிகளும் உலகத்தை வறுப்பார்கள். கடவுள் கிடையாது, சாதி கிடையாது, மனுஷனுக்கு மனுஷன்தான் துணை என்று பேசுவார்கள். கப்பலில் வந்த பழைய தமிழ்ப் பேப்பர் மேசையில் கிடக்கும். படிப்பகத்துச் சாவி அப்பாவிடம்தான் இருக்கும். பித்தளைச் சாவி, என் உள்ளங்கை நீளம். என்னையும் சில நாள் கூட்டிப்போவார். அந்தப் பேப்பரில் பெரிய எழுத்தைப் பார்த்துத்தான் நான் எழுத்துக் கூட்டப் பழகினேன்.

அம்மா அப்படி இல்லை. அவளுக்கு முருகன்தான் எல்லாம். எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பலகை அடித்துக் கொடுத்ததே அப்பாதான் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மட்டம் பார்த்து, இழைத்து, ஆணி அடித்துக் கொடுத்தார். விளக்குச் சூடு சுவரில் படாமல் இருக்கத் தகரம்கூட வைத்தார். ஒரு நாளும் அதற்கு முன்னால் நின்றதில்லை. அவளையும் ஒரு நாளும் நிற்காதே என்று சொன்னதில்லை. லயத்தில் யார் வீட்டில் சாவு என்றாலும் பாடையில் முதல் தோள் அவருடையது. என்ன சாதி என்று கேட்க மாட்டார். முடிந்ததும் குழாயடியில் கை கால் கழுவிவிட்டு வந்து சாப்பிடுவார். "தல முழுகுங்கய்யா, தீட்டு" என்று யாராவது கத்தினால், "பொணம் என்ன பாவம் பண்ணுச்சு" என்பார். அவ்வளவுதான் அவர் மதம்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். பேச்சு திருந்திக்கொண்டிருந்த வயது. அக்கா என்று வராது, என்னை "அத்தா" என்றுதான் கூப்பிடுவான். பால் டின்னில் கம்பி கோத்து அப்பா அவனுக்கு ஒரு ரோலர் செய்து கொடுத்திருந்தார், ரோடு அமுக்குகிற ரோலர் மாதிரி. நாள் பூராவும் அதை இழுத்துக்கொண்டு திரிவான். சிமெண்டில் அந்தத் தகரம் உரசுகிற சத்தம் அம்மாவுக்குத் தலைவலி. அந்த ரோலர் எங்கே போனது என்று தெரியவில்லை. வீடு மாறும்போது பலது போனது.

மழைக் காலத்தில் அவனுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. முதலில் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். மூச்சு விடும்போது நாய்க்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்ததும் அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அம்மாவின் சொந்தக்காரர்கள் மந்திரிக்கலாம், திருநீறு போடலாம் என்றார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சிமெண்டு பெஞ்சு. அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். டெட்டால் வாசம். அப்பா உள்ளே போய்விட்டு வந்தார். "மருந்து ஏறிக்கிட்டு இருக்கு. பொழச்சிருவான்" என்றார். அவர் பொய் சொல்லி நாங்கள் பார்த்ததில்லை. அம்மா தலையை ஆட்டினாள். அவர் மறுபடி உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, "முருகா, தைப்பூசத்துக்கு உனக்குப் பால்குடம் எடுக்கிறேன்" என்றாள். எனக்குக் கேட்டது.

விடியும்போது தம்பி போய்விட்டான்.

அப்பா அவனை அம்மா சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். சின்னப் பிள்ளைக்குப் பாடை வேண்டாம். கையிலேயே தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார். லயத்து ஆட்கள் கொஞ்சம் பேர் பின்னால் போனார்கள். அப்பா அழவில்லை, அம்மாவும் அழவில்லை. அம்மா அவன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு அதற்குப் பிறகு போகவில்லை. யாரும் போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அம்மா அப்பாவிடம் பேசுவதை விட்டுவிட்டாள். சண்டை இல்லை. சோறு போடுவாள், துணி துவைப்பாள். "போதும்" என்று அவர் சொன்னால் கரண்டியை எடுத்துக்கொள்வாள். ஒரு வார்த்தை வராது. லயத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சாமி இல்லை என்றவனுக்குச் சாமி காட்டிவிட்டது என்றார்கள் சிலர். அப்பாவுக்கும் கேட்கத்தான் கேட்டது, பலகைத் தடுப்புதானே. அவர் தாரைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

தைப்பூசம் நெருங்கினது. லயத்து ஆட்கள் விரதம் பிடித்துவிட்டார்கள். காவித் துணியும் மஞ்சள் சேலையும் கொடியில் காய்ந்தன. ஒரு நாள் சித்தி, அம்மாவின் தங்கை, அரிசியில் கல் பொறுக்க உதவிக்கு வந்திருந்தாள். அம்மாவும் விரதம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ஒனக்கென்ன பைத்தியமாக்கா? சாவு வீடு. வருஷம் திரும்பல. கோயில் பக்கமே போகக்கூடாது, நீ கொடம் எடுக்கப் போறியா?"

"எடுக்கிறேன்னு சொன்னேன்."

"புள்ள பொழச்சா எடுக்கிறேன்னுதானே சொன்ன?"

"பொழச்சான்னு சொல்லல. எடுக்கிறேன்னுதான் சொன்னேன்."

"அட, அதுக்கு அதானே அர்த்தம். அவன்தான் போயிட்டானே. முருகன் குடுக்கல. நீ எதுக்குக் குடுக்கணும்?"

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, அரிசி தட்டில் ஓரமாகச் சரிந்தது.

"அவரு பொழச்சிருவான்னாரு. நடக்கல. முருகன் காப்பாத்துவான்னு இருந்தேன். அதுவும் நடக்கல. நானும் சொன்னத விட்டுட்டேன்னு வையி, அந்தப் புள்ளைக்காகச் சொன்னத யாருதான் செஞ்சது? ஒருத்தராவது செய்ய வேண்டாமா?"

சித்தி சரிந்த அரிசியைத் தட்டு நடுவில் தள்ளினாள். வாசலில் அப்பா மண்ணெண்ணெய்த் துணியால் கை தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றுவிட்டது.

மறுநாள் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு மண்டோர் வீட்டுக்குப் போனார். மண்டோர்தான் ரோட்டு வேலைக்கு ஆள் பிரிப்பவர். லயத்துத் தைப்பூசக் கூட்டத்துக்கும் அவர்தான் தலைவர். சாய்வு நாற்காலியில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க, பகுத்தறிவு. என்ன இந்தப் பக்கம்? வழி தவறிட்டீங்களா?"

"ஒரு விஷயம் மண்டோரே. எங்க வீட்டுல தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கணும்கிறா. நம்ம கூட்டத்தோட சேத்துக்கணும்."

மண்டோர் ரேடியோவை அணைத்தார்.

"நீ வந்து கேக்கறியா இத?"

"நான்தான் கேக்கறேன்."

"சாவு விழுந்த வீடு. தீட்டு லா. ஒனக்குத் தெரியாது, ஒன் பொண்டாட்டிக்குத் தெரியும்ல?"

"அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுக்கணும்கிறா."

"சரி, நீ முருகன நம்புறியா? சொல்லு. நம்புறேன்னு சொல்லு, நாளைக்கே பேசறேன்."

"நம்பல மண்டோரே. அவ நம்புறா. கொடம் அவ தலையிலதான் இருக்கப் போகுது, என் தலையில இல்ல."

உள்ளே மண்டோர் பெண்டாட்டி சிரித்தது கேட்டது. மண்டோருக்குச் சிரிப்பு வரவில்லை.

"எங்க கூட்டத்தோட வரக்கூடாது. எல்லாரும் விரதம் இருந்து வராங்க. தனியா வந்தா நான் தடுக்கல. ஆனா ஒண்ணு, மேல கோயில்ல கேப்பாங்க. கேட்டா எறக்கி விட்ருவாங்க. அத்தன கூட்டத்துல அவமானம். நீதான் யோசிச்சுக்கணும்."

"சொல்றேன் அவகிட்ட" என்றார் அப்பா. ஆனால் எப்படிச் சொல்வது? அவள்தான் பேசுவதில்லையே. வரும் வழியில் என்னிடம் சொன்னார், "அம்மாகிட்ட சொல்லு. தனியாத்தான் போகணுமாம். நானும் வரேன்னு சொல்லு." நான் சொன்னேன். அம்மா "ம்" என்றாள்.

அந்த வாரம் படிப்பகத்திலும் விஷயம் தெரிந்துவிட்டது. அங்கே பெரியவர் ஒருவர் இருந்தார், அப்பாவுக்குக் கூட்டாளி, கூட்டத்துக்கெல்லாம் அவர்தான் தலைமை. நான் பேப்பர் மேசையில் இருந்தேன்.

"தோழரே, கேள்விப்பட்டது நெசமா?"

"நெசம்."

"ஒங்க பேச்சக் கேட்டு எத்தன பேரு படத்தக் கழட்டி வெச்சான். நீங்க கொடத்துக்குப் பின்னால போனா நாங்க மூஞ்ச எங்க வெச்சுக்கறது?"

"கொடத்துக்குப் பின்னால போகல. என் பொண்டாட்டிகூடப் போறேன்."

"பாக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"பாக்கறவனுக்காகவா நாம இதெல்லாம் பேசினோம்?"

பெரியவர் மேசைக்கு வந்தார். "போகாதீங்க. போனா சாவி இங்க இருக்கட்டும்" என்றார். அப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பேப்பர்மேல் வைத்தார். கோபமாக வைக்கவில்லை. தினம் வைப்பது மாதிரி வைத்தார். படி இறங்கும்போது காப்பிக்கொட்டை வாசம் தூக்கலாக இருந்தது. அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. என் படிப்பு அதோடு சரி. இப்போது எழுதுவது அந்தப் பேப்பர் கொடுத்த எழுத்தும், நானாகச் சேர்த்துக்கொண்டதும்.

தைப்பூசத்தன்று அம்மா குழாயடியில் குளித்து, மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, குடத்தைத் தலையில் வைத்தாள். லயத்துக் கூட்டம் மேளத்தோடு முன்னாலேயே போய்விட்டிருந்தது. நாங்கள் மூன்று பேர். அப்பா கையில் தகர வாளி, ஒரு மங்குக் குவளை. செருப்பு போடவில்லை. எதற்கு வாளி என்று நான் கேட்கவில்லை.

ஜாலானில், அதுதான் பெரிய ரோட்டில், இறங்கினதும் தெரிந்தது. அந்தக் காலத்துத் தார் ரோடு வெயிலேறினால் எப்படி இருக்கும், உங்களுக்குச் சொல்ல வேண்டாம். இப்போது லாரியில் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறார்கள். அன்றைக்கு அதெல்லாம் கிடையாது. அப்பா அம்மாவுக்கு முன்னால் போய், குனிந்து, அவள் அடுத்த அடி வைக்கப் போகிற இடத்தில் குவளையால் தண்ணீர் ஊற்றினார். ரோடு புஸ்ஸென்று ஆவி விட்டது. அவள் அதில் கால் வைத்தாள். அவர் பின்னோக்கி நகர்ந்து மறுபடி ஊற்றினார். அப்படியே போனோம். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். அவள் நேராகப் பார்த்து நடந்தாள். நான் ஓரத்தில் புல்லில் வந்தேன்.

வாளி காலியானால் பக்கத்து வீட்டில் போய்க் கேட்பார். ஒரு சீன அம்மா தேங்காய் உடைக்கக் குவித்து வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்காமல் ரப்பர் குழாயைத் திருப்பி வாளியை நிரப்பிவிட்டாள். மோர்ப் பந்தலில் ஒரு அண்ணன், "என்னண்ணே, வேண்டுதலா?" என்றான். "இல்ல தம்பி. சுடுது" என்றார்.

கொஞ்ச தூரத்தில் திரும்பிப் பார்த்தேன். அம்மாவுக்குப் பின்னால் ஆட்கள் வரிசையாக வந்தார்கள். யாரென்றே தெரியாதவர்கள். அந்த ஈரத்தில் மட்டும் கால் வைத்து, ஒருவர் பின்னால் ஒருவர். கோயில் இருக்கிற தண்ணீர்மலை ரோட்டில் எங்கள் லயத்துக் கூட்டத்தைப் பிடித்துவிட்டோம். மேளம் அடிக்க நின்றிருந்தார்கள். மண்டோர் பெண்டாட்டி குடத்தோடு ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தவித்தாள். எங்களைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மெதுவாக நகர்ந்து வந்து ஈரத்தில் ஏறிக்கொண்டாள். அப்பா வித்தியாசம் பார்க்காமல் இன்னும் கொஞ்சம் அகலமாக ஊற்றினார். மண்டோர் பார்த்துக்கொண்டே நின்றார்.

படிக்கட்டு வந்ததும் அப்பா வாளியைக் கீழே வைத்தார். "பாப்பா, நீ அம்மாகூடப் போ" என்றார். அவர் ஏறவில்லை.

மேலே தள்ளுமுள்ளு. எனக்கு அம்மா சேலைதான் தெரிந்தது. எந்த நேரமும் யாராவது கையைப் பிடித்து இறக்கிவிடப் போகிறார்கள் என்று இருந்தேன். ஐயர் ஒருவர் குடங்களை வாங்கி வாங்கி உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா முறை வந்தது. குடத்தை நீட்டினாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாங்கப் போனார். அம்மா குடத்தை விடவில்லை.

"சாமி, எங்க வீட்டுல சாவு. எம் புள்ள. வருஷம் ஆகல."

"என்னம்மா?"

"புள்ள செத்துப்போச்சு. வருஷம் ஆகல."

மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ, கேட்கவில்லையோ. எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் முகம் வேர்வையில் வழிந்துகொண்டிருந்தது.

"கொடும்மா, பின்னால ஆள் நிக்கறா" என்று குடத்தை இழுத்துக்கொண்டார். பால் உள்ளே போனது. வெறும் குடம் திரும்பி வந்தது. அவ்வளவுதான். அத்தனை நாள் பேச்சும் அதற்குத்தான்.

அதற்குப் பிறகு ஊர் இரண்டாகப் பேசியது. முருகன் அவனையே தண்ணீர் சுமக்க வைத்துவிட்டான் என்று கோயில்காரர்கள் சொன்னார்கள். பெண்டாட்டிக்குப் பயந்து கொள்கையை விட்டான் என்று படிப்பகத்தார் சொன்னார்கள். இரண்டு பக்கமும் அவரை அதற்குப் பிறகு சரியாகச் சேர்க்கவில்லை. அவர் சாகும்வரை சாமி கும்பிடவும் இல்லை, யாருக்கும் விளக்கம் சொல்லவும் இல்லை. பாடை தூக்க மட்டும் எல்லாரும் கூப்பிட்டார்கள். போனார்.

அன்றைக்கு நாங்கள் இறங்கி வரும்போது அவர் மரத்தடியில் வேர்மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. ஈரமெல்லாம் அம்மா நடந்த இடத்தில்தான். அவர் நின்றது முழுக்கக் காய்ந்த ரோட்டில். இரண்டு பாதமும் கொப்பளம். ஒன்று உடைந்து தார் ஒட்டியிருந்தது.

அம்மா குடத்தை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் எதிரே குந்தினாள். அவர் குதிகாலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"செருப்புப் போட்டுக்கிட்டு வரவேண்டியதுதானே" என்றாள். "ஒங்களுக்கு என்ன வேண்டுதலா?"

தம்பி போன பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

"நீ போடலையே" என்றார் அப்பா.

அம்மா முந்தானையை ஈரமாக்கி அந்தக் காலைத் துடைத்தாள். பிறகு ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் நானும் பிடித்துக்கொள்ள, அவர் எழுந்தார். பஸ்ஸுக்குக் கூட்டமாக இருந்தது. நின்றோம்.